பேய்க்கணவாயின் நரம்பைத் தொடர்ந்து: சென்னை நாட்குறிப்பு

வியாழன், திருவல்லிக்கேணி

ஆக்டோபஸுக்கு, அதாவது நம்மூர்ப் பேய்க்கணவாய்க்கு, ஒன்பது மூளை என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். தலையில் ஒன்று, கைக்கு ஒன்றாக எட்டு. என் வகுப்புப் பிள்ளைகளும் அதைத்தான் வந்து சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நரம்பு எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாமல் எது மூளை, எது வெறும் வழி என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. தூத்துக்குடியில் உயிரியல் பாடம் நடத்தும் எனக்கு, கடல் பக்கத்திலேயே இருந்தும், இதை நேரில் காட்ட ஆள் கிடைக்கவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி சென்னையில் முனைவர் பட்டத்துக்காக ஆக்டோபஸ் கையின் நரம்புகளைத் தடம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "சார், போட்டோல பாத்தா புரியாது. லீவு போட்டுட்டு வாங்க, நேர்லயே காட்டுறேன்" என்றாள். முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்துக் காலையில் எழும்பூரில் இறங்கிவிட்டேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை. ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாளைக்குப் பார்க்கப்போவது புரிய வேண்டுமானால் கொஞ்சம் அடிப்படை தேவை. சாதாரண ஆக்டோபஸின் உடலில் ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. இதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில். மீதியில் பெரும்பகுதி கண்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பார்வை மடல்களில். நடு மூளைக்கு என்று மிஞ்சுவது நான்கு கோடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்த நடு மூளையும் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக இருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு வாய் நண்டும் மூளையின் நடுவே புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது.

இந்தக் கணக்கை எடுத்தவர் ஜே. இசட். யங் என்ற ஆங்கிலேய உடற்கூறியலாளர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1872இல் தொடங்கிய கடல்வாழ் உயிரின ஆய்வு நிலையத்தில் பல்லாண்டு வேலை பார்த்தவர். 1963இல் எண்ணிக்கையை வெளியிட்டார். 1971இல் முழு நரம்பு மண்டலத்தின் உடற்கூறியலையும் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு கழிந்தும் இந்தத் துறையில் எவரும் அதைத் தொடாமல் வேலை தொடங்குவதில்லை.

எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டது எண்ணிக்கையைத்தான். யங் அதிகம் உழைத்தது பாதைகளுக்கு. நாளை விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், தூங்கப் போகிறேன்.

வெள்ளி, காசிமேடு

மூன்றரைக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முழு விழிப்பில் இருந்தது. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், டீசல் வாடை, தலையில் பெட்டியோடு "வழி, வழி" என்று ஓடுகிற ஆட்கள். விசைப்படகுகள் நிற்கும் பக்கம் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சங்கரா, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, குவியல் குவியலாகக் கடம்பா எனும் ஊசிக்கணவாய். நான் அங்கேயே நின்றுவிடப் பார்த்தேன். மாணவி கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அது வேணாம் சார். அந்தப் படகெல்லாம் பல நாள் கடல்ல இருந்துட்டு வருது. ஐஸ்ல கெடந்த உடம்புல நரம்பு உள்ளயே கரைஞ்சு போயிருக்கும். நமக்கு ராத்திரி போயி காலைல வர்ற ஃபைபர் படகுதான்."

நரம்புத் தடம் பார்ப்பவர்களின் முதல் கவலை இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. சமையலுக்கு நல்ல மீன் வேறு, ஆய்வுக்கு நல்ல மீன் வேறு. உயிர் போன சிறிது நேரத்திலேயே நரம்பணுவின் சவ்வு சிதையத் தொடங்கிவிடுகிறது. சவ்வு சிதைந்தால் அதன் வழியே எந்தச் சாயமும் ஓடாது.

நண்டு வலை போட்டவர்கள் கரையேறும் இடத்தில் காத்திருந்தோம். வலையில் மாட்டிய நண்டைத் தின்ன வந்து பேய்க்கணவாயும் சிக்கிக்கொள்ளுமாம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் மாணவியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா கண்ணு, இன்னிக்கு வாத்தியாரையும் கூட்டிகினு வந்துட்டியா?"

"ஆமாக்கா. எங்க ஊரு சார். உயிரோட ஏதாச்சும் இருக்கா?"

நீல வாளி ஒன்றைக் காட்டினார். உள்ளே இரண்டு. ஒன்றைத் தூக்கிக் கைகளுக்கு நடுவே இருக்கும் தோலை விரித்துப் பார்த்தாள். கைகளின் அடியில் சிறுசிறு பைகள் தெரிந்தன. "இது சிஸ்டோபஸ்ங்கிற வேற வகை சார். எனக்கு வேணாம்" என்று திருப்பி வைத்தாள். மற்றதில் பை இல்லை. கைகளின் ஓரம் கறுத்து, உறிஞ்சிகள் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தன. தேங்காய்ச் சிரட்டையைச் சுமந்து போய் அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்று பெயர் வாங்கிய இனம். அது அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வோர் உறிஞ்சியும் தனித்தனியாகப் பிடித்தது, தனித்தனியாக விட்டது. பக்கத்துப் பக்கத்து உறிஞ்சிகள்கூட ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வலைக்கார அம்மா சொன்னது இது: "அறுத்துப் போட்ட காலுகூட கத்தியப் புடிச்சிகினு விடாது வாத்யாரே. ஆனா ஒரு காலு இன்னொரு காலப் புடிச்சி நான் பாத்ததில்ல."

எனக்கு மெய்சிலிர்த்தது. 2014இல் ஜெருசலேமில் உள்ள ஆய்வாளர்கள் சோதனை வைத்துக் காட்டியது இதையேதான். வெட்டுண்ட கை, தோலோடு இருக்கும் இன்னொரு ஆக்டோபஸ் கையைப் பிடிப்பதில்லை. தோலை உரித்துவிட்டால் பிடிக்கிறது. தோலில் உள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள் உறிஞ்சியைத் தடுக்கிறது. மூளையிலிருந்து உத்தரவே வராத கையில் இது நடக்கிறது. கரையில் நின்று வேலை செய்பவர்களின் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது! நம் ஆய்வுக் கட்டுரைகள் இவர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசியிருந்தால் நல்லது.

மெக்னீசியம் குளோரைடு கலந்த கடல்நீரை அவள் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். அதில் விட்டதும் முதலில் நிறம் அடர்ந்து, அப்புறம் மெல்ல மெல்ல வெளுத்தது. மூச்சு இழுப்பது குறைந்தது. கைகள் தளர்ந்தன. கிள்ளினால் அசைவு இல்லை என்று உறுதியாகும் வரை அவள் எதையும் தொடவில்லை. அந்த உப்பு வெறுமனே தசையைத் தளர்த்துவதில்லை, நரம்பில் ஓடும் செய்தியையே நிறுத்துகிறது என்று 2018இல் மின்பதிவு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நரம்பு உள்ள உயிருக்கு வலி தெரியாது என்று என்னால் நம்ப முடியாது. அதனால் அந்தக் காத்திருப்பு எனக்கு நிறைவாக இருந்தது.

ஆய்வகம் ராயபுரம் பக்கம். துறைமுகத்தை ஒட்டி இருப்பதே அதன் பலம். போனதும் வேலை தொடங்கியது.

தலைக்குப் பின்னால் பை மாதிரி இருக்கும் உடலைக் கீறி உட்புறம் வெளியே தெரியத் திருப்பினாள். "இங்க பாருங்க சார்" என்று ஊசி முனையால் காட்டினாள். உட்சுவரில் இடமும் வலமுமாக இரண்டு வெளிர் மஞ்சள் முடிச்சுகள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய இழைகள் நட்சத்திரக் கதிராகத் தசைக்குள் விரிந்து போகின்றன. நுண்ணோக்கி எதுவும் தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. மூளையிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒன்றாக வரும் தடித்த நரம்பு இந்த முடிச்சுக்கு வருகிறது, இங்கிருந்து இழைகள் கிளம்புகின்றன. அந்தத் தடித்த நரம்பை வெட்டினால் உடலின் அந்தப் பக்கம் மட்டும் வெளுத்துப் போகும். தோலின் நிறப் பைகளை விரிக்கும் உத்தரவு நேராக மூளையிலிருந்து அந்த வழியாகத்தான் போகிறது. வெட்டிப் பார், எது நின்றுபோகிறது என்று கவனி: நரம்பைத் தடம் பிடித்த மிகப் பழைய முறை இது.

ஊசிக்கணவாயிலும் இதே முடிச்சு உண்டு. அதிலிருந்து போகும் ஓர் இழை மட்டும் மிகத் தடிமன், பெரிய கணவாய்களில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும். 1936இல் அது ரத்தக் குழாய் அல்ல, ஒரே நரம்பிழை என்று எடுத்துச் சொன்னவரும் யங்தான். அந்த இழைக்குள் மின்கம்பியைச் செருகித்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்து, 1952இல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு. பதினோராம் வகுப்பில் நரம்புத் துடிப்பைப் பற்றி நாம் நடத்தும் பாடம் கணவாயிலிருந்து வந்தது. பிள்ளைகளிடம் மனித நரம்புப் படத்தைக் காட்டி அதை நடத்துகிறோம். இனி நான் கடம்பாவை வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன்.

கைகளைத் தலையோடு சேர்த்தே, பதப்படுத்தும் பாரஃபார்மால்டிஹைடு கரைசலில் போட்டு மூடினாள். திங்கள் வரை அதைத் தொடக்கூடாது.

சனி, ராயபுரம்

இன்று முழுக்க இருட்டறை.

முதலில் சாதாரண நுண்ணோக்கியில் பழைய வெட்டுகள். கையைக் குறுக்கே வெட்டினால் எல்லாப் பக்கமும் தசை, நடுவில் ஒரு பெரிய நரம்புத் தண்டு, பக்கத்தில் தமனி. தசைக்குள் தனியாக நான்கு சிறிய நரம்புத் தண்டுகள். ஒவ்வோர் உறிஞ்சிக்கும் கீழே அதற்கென்றே ஒரு குட்டி நரம்பு முடிச்சு. எலும்பு இல்லாத கை, எந்த இடத்திலும் வளையும். அதற்கு ஏற்ற வயரிங்.

நீளவாக்கில் வெட்டினதைப் பார்த்தபோதுதான் அழகு தெரிந்தது. நடுத்தண்டு நேராகப் போகவில்லை. ஓர் உறிஞ்சிக்கு இடப்பக்கம் வளைந்து, அடுத்ததற்கு வலப்பக்கம் வளைந்து, நெருக்கித் தொடுத்த மல்லிச்சரம் மாதிரி போகிறது. தண்டின் மேற்பகுதியில் மூளைக்கும் கைக்கும் ஓடும் நீண்ட இழைகள் கற்றையாக. உறிஞ்சியை ஒட்டிய கீழ்ப்பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள். அந்த அணுக்கள் தொடர்ச்சியான அடுக்காக இல்லை, இடையில் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக நிற்கின்றன. அந்த இடைவெளிகள் வழியேதான் நரம்பும் ரத்தக் குழாயும் வெளியேறித் தசைக்குப் போகின்றன. 2025 ஜனவரியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தினர் இதை விரிவாக வெளியிட்டார்கள். உறிஞ்சிகளுக்குப் போகும் நரம்புகள் தண்டிலேயே வரைபடம் மாதிரி இடவரிசையில் அமைந்திருக்கின்றன என்பதும் அதில் வந்தது. நேற்று வாளியில் பார்த்த தனித்தனிப் பிடி இப்போது கண்ணுக்குப் புரிந்தது.

அப்புறம் சாயம். டை-ஐ என்று கூப்பிடுகிறார்கள். ஊதாவும் சிவப்புமாக மின்னும் தூசு அளவுப் படிகம். கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. பதப்படுத்திய நரம்பின் வெட்டு முனையில் ஒரு படிகத்தை வைத்துவிட்டால், அந்த இழையின் சவ்வில் ஒட்டிக்கொண்டு சவ்வு போகும் வழியெல்லாம் போகும். பக்கத்து இழைக்குத் தாவுவது அரிது. பொறுமைதான் வேண்டும். சில மில்லிமீட்டர் நகர வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால் கொஞ்சம் வேகம் கூடும்.

மாதக்கணக்கில் வைத்திருந்த ஒரு மாதிரியை அதிரும் பிளேடால் மெல்லிசாகச் சீவி, பச்சை ஒளியின் கீழ் வைத்தாள். "சார், லைட்ட அணைக்கிறேன்."

கறுப்பு வெளியில் செம்மஞ்சளாக ஒற்றை இழை. இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை தசைக்குள் மங்கியது. இன்னொன்று திரையைத் தாண்டிப் போனது. அவள் திருகைத் திருகத் திருக அது போய்க்கொண்டே இருந்தது. நரம்பு என்று கரும்பலகையில் கோடு போட்டே பழகியவன் நான். ஓர் இழை உண்மையிலேயே எங்கோ போவதை இன்றுதான் பார்த்தேன்.

இவள் தேடும் இணைப்பு எது என்று சொல்கிறேன். எட்டுக் கைகளின் நடுத்தண்டுகளையும் தலைக்கு அருகே ஒரு நரம்பு வளையம் இணைக்கிறது. இது யங் காலத்திலேயே தெரியும். தசைக்குள் இருக்கும் நான்கு சிறிய தண்டுகள் அந்தந்தக் கைக்குள் வேலை பார்ப்பவை என்றே நினைத்திருந்தார்கள். 2022இல் சிக்காகோவில் கலிஃபோர்னியா இரட்டைப் புள்ளி ஆக்டோபஸை வைத்து வேறொன்றைக் கண்டார்கள். உறிஞ்சிப் பக்கத்துத் தசைத் தண்டு கையின் அடியோடு நிற்பதில்லை. அடுத்த கையைத் தொடாமல் கடந்து, தள்ளியுள்ள இன்னொரு கையின் தண்டோடு போய்ச் சேருகிறது. அதாவது ஒரு கை தள்ளியுள்ள இன்னொரு கையோடு பேச, மூளையும் வேண்டாம், நடுவில் உள்ள கையும் வேண்டாம்.

இது தெரிந்த பிறகு ஒன்பது மூளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைக்குள் நிறைய முடிவாகிறது, சரி. 2001இல் மூளையோடு தொடர்பு அறுந்த கையின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். அது உயிருள்ள ஆக்டோபஸ் கையை நீட்டும் அதே விதத்தில் நீண்டது. 2009இல் நகரும் ஆக்டோபஸின் மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டிப் பார்த்தார்கள். நம் மூளையில் கைக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் என்று இருக்கும் வரைபடம் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் 2011இல், நீருக்கு வெளியே வளைந்து போகும் குழாய் வழியில் ஒரே கையை நுழைத்து, கண்ணால் பார்த்தே சரியான அறையில் இரையை எடுக்க ஆக்டோபஸ் கற்றுக்கொண்டது. கண்ணிலிருந்து வரும் தகவல் மூளை வழியாகத்தானே அந்த ஒற்றைக் கைக்குப் போயிருக்க முடியும்? தனி மூளைகள் எட்டு என்றால் இது நடக்காது. இது ஒரே நரம்பு மண்டலம். சில செய்திகள் மூளை வழி, சில வளையம் வழி, சில மூளையைத் தொடாமலே குறுக்கு வழி.

நம் கரையோர இனத்திலும் அந்தக் குறுக்கு வழி இருக்கிறதா? இதுதான் இவள் கேள்வி. பழைய மாதிரிகளில் சாயம் பக்கத்துக் கையின் அடிவரை போய் நின்றிருக்கிறது. அதற்கு மேல் பாதை இல்லையா, சாயத்துக்கு அவகாசம் போதவில்லையா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஞாயிறு

ஆய்வகம் விடுமுறை. மாலை மெரினாவில் நடந்தேன், சுண்டல் சாப்பிட்டேன், படித்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

திங்கள், ராயபுரம், எழும்பூர்

காலையில் அவள் கணினியில் இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாள். இரண்டையும் பார்க்கவே இந்தப் பயணம் தகும்.

ஒன்று தரணி. இதே சென்னையில், ஐஐடி மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. தாயின் கருவில் நடு மூன்று மாதங்களில் இருக்கும் மனித மூளையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, 5,132 வெட்டுகளைப் படமாக்கி இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் தனித்தனி அணு வரை தெரிகிறது. எழும்பூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் செய்த வேலை இது. நம் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு ஆதங்கமாக இருந்தது.

இன்னொன்று ஆக்டோபஸ் மூளையின் உச்சியில் இருக்கும் நினைவு மடல். அதில் மட்டும் இரண்டரைக் கோடி நரம்பணுக்கள். அதிலிருந்து மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவே உள்ள துண்டை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, ஒவ்வோர் இணைப்பையும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 2023இல் வெளியானது. கிடைத்த விடை வியப்பானது. அங்குள்ள அணுக்களில் மிகப் பெரும்பான்மைக்கு உள்ளே வரும் இணைப்பு ஒன்றே ஒன்றுதான். நம் மூளையில் ஓர் அணுவுக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புகள் வரும். நினைவு என்றாலே பின்னிப் பிணைந்த சிக்கல் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒற்றை வரவு உள்ள கோடிக்கணக்கான எளிய அணுக்களை வைத்தே ஒரு விலங்கு நண்டின் மணத்தையும் ஆபத்தையும் கற்றுக்கொள்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கவே செய்யாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வோர் இணைப்பும் தெரியும், ஆனால் துளியூண்டு இடம்தான் பார்க்க முடியும். சாயத்தில் கை முழுக்கப் போகலாம், ஆனால் இணைப்பு எந்த அணுவில் முடிந்தது என்பது மங்கலாகத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

மதியம் வெள்ளிக்கிழமை மாதிரியை எடுத்தாள். கைகள் வெளுத்து விறைத்திருந்தன. வலது முதல் கையின் அடியில், உறிஞ்சிப் பக்கத்துத் தசையை நுண்ணிய கத்திரியால் விலக்கிக் கொடுத்து, சிறிய தண்டைத் தேடினாள். தசைக்கு நடுவே சற்றே ஒளிபுகும் ஒரு கோடு. அதை வெட்டி, ஊசி முனையில் படிகத்தை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டு முனையில் வைத்தாள். படிகம் பக்கத்தில் உதிர்ந்தால் எல்லா நரம்பும் சாயம் குடித்து மாதிரியே வீணாகிவிடும். மேலே அகர் என்ற கூழை ஊற்றி மூடினாள். கண்ணாடிக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி, தேதியும் "வ1" என்றும் எழுதி 37 டிகிரி பெட்டிக்குள் வைத்தாள்.

"இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன் சார். கோடை வரைக்கும் இருக்கட்டும்."

பக்கத்துக் கையைத் தாண்டி, தள்ளியுள்ள கையின் தண்டில் செம்மஞ்சள் தெரிந்தால், கலிஃபோர்னியக் கரையில் கண்ட குறுக்கு வழி வங்கக் கடல் இனத்திலும் உண்டு. பக்கத்திலேயே உள்ள இரண்டாவது கையில் தெரிந்தால் நம் இனத்தின் வயரிங்கே வேறு. எங்கேயும் தெரியாவிட்டால், அடுத்த மாதிரியில் படிகத்தை இன்னும் அடியில், வளையத்துக்கு நெருக்கமாக வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு வேண்டிய ஆக்டோபஸை இப்போதே சேர்த்து வைக்க வேண்டும் என்பதால் வரும் வாரமும் காசிமேடு போகிறாள். மாதிரியைச் சீவும் நாளுக்கு எனக்கும் பள்ளி விடுமுறை. முன்பதிவு திறந்ததும் டிக்கெட் எடுத்துவிடுவேன். இப்போது எழும்பூரில் வண்டி கிளம்பப் போகிறது.